ஆங்கிலச் சொல்வளம்: எந்தச் சொல், எந்தப் பொருள், எந்த வரிசை

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவரின் ஆங்கிலக் குறிப்பேட்டில் பக்கத்தின் நடுவே பெரும்பாலும் ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்கு ஒரு தமிழ்ச் சொல். பாடநூலின் பின்பகுதிப் பட்டியலும், கடைகளில் தொங்கும் சிறு வழிகாட்டி நூல்களும், கைப்பேசிச் செயலிகளும் இதே அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. நாளுக்குப் பத்துச் சொல் எழுதி மனப்பாடம் செய்தால் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேல் சேரும் என்பது இதன் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஆறு ஆண்டுகள் இப்படிப் படித்தவர்களில் பலர் ஓர் ஆங்கில நாளிதழின் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்க முடியாமல் நிற்கிறார்கள். உழைப்பில் குறை இல்லாதபோது குறையை முறையில்தான் தேட வேண்டும். எந்தச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பொருள் சொல்வது, எந்த வரிசையில் கற்பது, கற்றதை எப்படித் தக்கவைப்பது என்ற நான்கு கேள்விகளுக்குள் இந்த முறை அடங்கும்.

முதலில் தேர்வு. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு இருபது தொகுதிகள் கொண்டது. அதன் பதிவுகள் ஏறத்தாழ 2,91,500. இந்த எண்ணைப் பார்த்து மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. எந்த மொழியிலும் சில சொற்கள் ஓயாமல் வருகின்றன, மற்றவை எப்போதாவது தலைகாட்டுகின்றன. ஆங்கில உரைநடையில் 'தி' என்ற ஒரு சுட்டுச்சொல் மட்டுமே நூற்றுக்கு ஆறு ஏழு இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. அடிக்கடி வரும் முதல் 2,000 சொற்குடும்பங்களை அறிந்தவர் சாதாரண உரைநடையில் ஐந்தில் நான்கு பங்குச் சொற்களை அறிந்தவராகிறார். சொற்குடும்பம் என்பது ஒரு வேர்ச்சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்தது. 'ஹெல்ப்', 'ஹெல்ப்ஃபுல்', 'ஹெல்ப்லெஸ்', 'ஹெல்ப்பர்' நான்கும் ஒரு குடும்பம்.

இந்த எண்ணிக்கையை முதலில் கையால்தான் செய்தார்கள். அமெரிக்காவின் எட்வர்ட் தார்ண்டைக் 1921இல் பத்தாயிரம் சொற்களை வரிசைப்படுத்தி ஆசிரியர்களுக்கென ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் எண்ணிக்கையை வகுப்பறைக்குக் கொண்டுவந்த கதையின் முக்கியமான பகுதி நடந்த இடம் வங்காளம். இந்தியக் கல்விப் பணியில் டாக்காவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பொறுப்பேற்றிருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் ஆங்கிலத்தில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று ஆராய்ந்து 1926இல் இருமொழியம் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் கண்ட குறை எளியது: பாடநூல்கள் புழக்கத்தில் இல்லாத இலக்கியச் சொற்களை ஒரே பக்கத்தில் கொட்டிக் குவித்தன. புதுச் சொல்லின் மேல் புதுச் சொல் விழுந்ததால் எதுவும் நிற்கவில்லை. வெஸ்ட் அரிய சொற்களை நீக்கி, அவற்றின் இடத்தில் அடிக்கடி வரும் சொற்களை வைத்து, புதியவற்றுக்கு இடையே போதிய இடைவெளி விட்டு வாசிப்பு நூல்களை எழுதினார்.

அவர் பயன்படுத்திய ஒரு கருத்து இன்றும் நினைக்கத்தக்கது. காப்பீட்டு உலகின் 'சரண்டர் வேல்யூ' என்ற சொல்லை அவர் கல்விக்குக் கடன் வாங்கினார். பாலிசியை இடையில் நிறுத்தினாலும் கைக்கு ஏதோ ஒரு தொகை வர வேண்டும்; அதுபோலப் பள்ளியை இடையில் விட்டுப்போகும் மாணவரிடமும் அதுவரை கற்ற ஆங்கிலம் பயன்படும் அளவில் இருக்க வேண்டும். பட்டப்படிப்பு முடிந்தால்தான் பயன் தரும் என்ற நினைப்பில் அமைத்த பாடத்திட்டம், எட்டாம் வகுப்போடு நிற்பவருக்கு எதையும் தருவதில்லை. முதல் 2,000 சொற்களுக்கு முன்னுரிமை கொடுப்பதற்கு இதைவிட வலுவான நியாயம் வேறில்லை.

1934இல் நியூயார்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் வெஸ்ட், தார்ண்டைக், ஜப்பானில் பணியாற்றிய ஹெரால்ட் பாமர் ஆகியோர் கூடினர். அங்கிருந்து தொடங்கிய வேலை 1953இல் வெஸ்ட் பதிப்பித்த பொதுப்பயன் சொற்பட்டியலாக முடிந்தது. சுமார் 2,000 தலைச்சொற்கள் கொண்ட அந்தப் பட்டியலின் தனிச்சிறப்பு, ஒவ்வொரு சொல்லின் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு வருகிறது என்றும் காட்டியதுதான். பொருள்களிலும் முந்துவது எது, பிந்துவது எது என்று ஆசிரியருக்கு அது சொன்னது. இது ஏன் தேவை என்பதற்கு 'ரன்' என்ற மூன்றெழுத்துச் சொல்லே போதும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியாளர்கள் அதன் வினைவடிவத்துக்கு மட்டும் 645 பொருள்கள் கண்டிருக்கிறார்கள். மாணவருக்கு முதலில் வேண்டியவை ஓடுதல், நடத்துதல், இயங்குதல் என்ற மூன்றோ நான்கோதான்.

இரண்டாவது கேள்வி பொருள் சொல்வது பற்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சியில் செல்வாக்குப் பெற்ற நேர்முறை, வகுப்பில் தாய்மொழியே கூடாது என்றது. படத்தைக் காட்டு, செய்து காட்டு, ஆங்கிலத்திலேயே விளக்கு, தமிழில் மட்டும் சொல்லாதே என்பது அதன் கட்டளை. பல பள்ளிகளில் இன்னும் அந்த எண்ணம் இருக்கிறது. நாற்காலிக்கும் பூனைக்கும் படம் காட்டலாம். 'ஆல்தோ' என்பதற்கு என்ன படம் காட்டுவது? 'இருந்தபோதிலும்' என்று ஒரு சொல்லில் முடிவதைக் கால்மணி நேரம் ஆங்கிலத்தில் சுற்றிவளைத்துச் சொல்வதால் கிடைப்பது குழப்பம் மட்டுமே. ஒரு புதுச் சொல்லை முதல்முறை அறிமுகப்படுத்தத் தாய்மொழிப் பொருளே விரைவான வழி என்பதைச் சொல்கற்றல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தமிழ்ப் பொருள் எழுதுவதில் தவறு எதுவும் இல்லை. ஒரே ஒரு தமிழ்ச் சொல்லோடு நின்றுவிடுவதால்தான் இடர் வருகிறது.

'பிடி' என்ற வினையைப் பார்க்கலாம். குடை பிடிக்கிறோம், மீன் பிடிக்கிறோம், சிகரெட் பிடிக்கிறார்கள், ஒருவரை நமக்குப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'ஹோல்ட்', இரண்டாவதற்கு 'கேட்ச்', மூன்றாவதற்கு 'ஸ்மோக்', நான்காவதற்கு 'லைக்'. 'போடு' இன்னும் அகன்றது: சட்டை போடுவது, கையெழுத்துப் போடுவது, டீ போடுவது, சண்டை போடுவது, மாத்திரை போடுவது என்று எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி வினை உண்டு. எதிர்த்திசையிலும் இப்படியே. 'டேக்' என்பதற்கு 'எடு' என்று எழுதிவைத்த மாணவர், மருந்து, பேருந்து, நேரம், தேர்வு ஆகிய நான்கோடும் அந்த வினை வரும்போது நான்கு இடத்திலும் திகைக்கிறார். இதற்குத் தீர்வு குறிப்பேட்டிலேயே இருக்கிறது. தனிச்சொல்லை எழுதாமல் தொடராக எழுத வேண்டும். 'மிஸ்டேக்' என்றால் தவறு என்று எழுதியவர் தமிழ் வழக்கப்படி 'டூ எ மிஸ்டேக்' என்கிறார். 'மேக் எ மிஸ்டேக்' என்றால் தவறு செய்தல் என்று எழுதியவர் பிழை செய்ய வழியில்லை. பலத்த மழைக்கு ஆங்கிலம் 'ஹெவி ரெயின்' என்று கனத்தைச் சொல்லும், பலத்தைச் சொல்லாது. இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை, வழக்கு அவ்வளவுதான்.

பெயர்ச்சொற்களின் ஒருமை பன்மையிலும் இதே பொறி உண்டு. தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று பன்மை இயல்பாக வரும். ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' ஆகியவை பன்மை விகுதி ஏற்பதில்லை. இரு பத்திப் பட்டியல் இதைச் சொல்வதில்லை, வழக்கமான ஆங்கில-தமிழ் அகராதியும் சொல்வதில்லை.

இந்த அகராதிகளின் வரலாறு மாணவரை மனத்தில் வைத்துத் தொடங்கவில்லை. ஃபப்ரிசியஸ் 1779இல் சென்னை வேப்பேரியில் அச்சிட்ட அகராதியும், வின்ஸ்லோவின் 1862ஆம் ஆண்டுப் பேரகராதியும் தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் தருபவை. தமிழ் கற்க வந்த ஐரோப்பியருக்குப் பெரிதும் உதவியவை. தமிழ் மாணவருக்காக எதிர்த்திசை அகராதிகளும் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தன. யாழ்ப்பாண அமெரிக்க மிஷனைச் சேர்ந்த லீவை ஸ்பால்டிங் அவற்றில் ஒன்றில் பங்குகொண்டார். அ. சிதம்பரநாதச் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கில-தமிழ்ச் சொற்களஞ்சியம் இத்துறையின் பெரும்பணி. மொழிபெயர்ப்பாளர் மேசையில் அது இன்றும் பயன்படுகிறது. வீடுகளில் அதிகம் புழங்கியது லிஃப்கோவின் கையடக்க அகராதி. இவை எல்லாம் ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே காற்புள்ளியிட்டுத் தமிழ்ச் சொற்களை அடுக்குகின்றன. தமிழும் ஆங்கிலமும் நன்கு அறிந்தவர் அந்த அடுக்கிலிருந்து பொருத்தமானதை எடுத்துக்கொள்வார். மாணவர் முதலாவதை எடுத்துக்கொள்கிறார். பல நேரம் தவறுவது அங்கேதான்.

கற்போர் அகராதி என்ற தனி இனம் இந்தக் குறையிலிருந்துதான் பிறந்தது. வெஸ்ட் 1935இல் வெளியிட்ட அகராதி எல்லாச் சொற்களையும் 1,490 எளிய சொற்களுக்குள் விளக்கியது. அதுவரை அகராதிகள் ஒரு கடினச் சொல்லுக்கு அதைவிடக் கடினமான சொல்லால் பொருள் சொல்லிக்கொண்டிருந்தன. ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய தோழர்களும் டோக்கியோவில் 1942இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, ஓர் அகராதியை அச்சிட்டார்கள். வினைச்சொல் எந்த வாக்கிய அமைப்பில் வரும், பெயர்ச்சொல் எண்ணத்தக்கதா இல்லையா என்று குறித்துக் காட்டிய அந்த நூலே 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகி உலகெங்கும் பரவியது. லாங்மன் அகராதி 1978இல் சுமார் 2,000 சொற்களுக்குள் விளக்கங்களை அடக்கியது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் கோபில்ட் அகராதி 1987இல் கணினியில் தொகுத்த உரைத்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு முழு வாக்கியங்களாகவே பொருள் சொன்னது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாணவர் தமிழ்ப் பொருளை ஒரு அகராதியிலும் பயன்பாட்டை இத்தகைய ஒரு கற்போர் அகராதியிலும் பார்ப்பது நல்லது. இரண்டில் ஒன்று போதும் என்ற வாதம் வீண்.

தமிழருக்கு வேறொரு தனி முதலீடும் உண்டு. ஆங்கிலம் படிக்காதவரும் பஸ், டிக்கெட், சிக்னல், பேட்டரி, ஸ்விட்ச், லோன், டாக்டர் என்று நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களை நாள்தோறும் பேசுகிறார். சொல்வளப் பாடம் இங்கே தொடங்கினால் மாணவருக்கு அச்சம் நீங்கும். ஆனால் தமிழுக்குள் வந்த சொல் பொருளை மாற்றிக்கொண்டு குடியேறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். தமிழில் ஹோட்டல் என்பது பெரும்பாலும் சாப்பிடும் இடம். ஆங்கிலத்தில் தங்கும் இடம். நடத்துநரிடம் நாம் கேட்டு வாங்கும் 'பேலன்ஸ்' ஆங்கிலத்தில் 'சேஞ்ச்' ஆகும். கரண்ட் என்றால் நமக்கு மின்சாரம் மட்டுமே. ஆங்கிலத்தில் ஆற்றின் ஓட்டமும் அது, நடப்புக் காலத்தைக் குறிப்பதும் அது. வங்கியின் கரண்ட் அக்கவுண்ட்டுக்கும் மின்வாரியத்துக்கும் என்ன உறவு என்று வியக்கும் மாணவருக்கு இந்த ஒரு விளக்கம் மூன்று பொருளைத் தந்துவிடும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். பை, முதுகு, மூட்டை கட்டுதல், ரொட்டி சுடுதல் ஆகிய நான்குக்கும் உரிய நான்கு வேறு ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில் 'பேக்' என்று ஒன்றாகிவிடுகின்றன. வகுப்பும் குடிக்கும் கோப்பையும் 'கிளாஸ்' ஆகின்றன. தமிழ் எழுத்து தமிழ் ஒலிகளுக்கென அமைந்தது. அது அதன் குறை அன்று. அச்சிட்ட எழுத்தைவிடக் காதால் கேட்பதே உச்சரிப்புக்குத் துணை. இன்று அகராதிச் செயலிகளில் ஒலியைத் தொட்டுக் கேட்க முடிகிறது என்பதால் இந்தப் பழக்கத்தைக் கைவிடலாம்.

வரிசை பற்றிய கேள்விக்குத் தமிழ் மரபில் ஒரு விடை இருக்கிறது. அதை அப்படியே ஏற்க முடியாது என்பதுதான் சுவையானது. திவாகரமும் பிங்கலமும் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டும் சொற்களைத் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வகையால் தொகுத்தவை. திண்ணைப் பள்ளி மாணவர் அவற்றைச் செய்யுளாகவே மனப்பாடம் செய்தார். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் அகரவரிசைக்கு வழிகாட்டியது. தாய்மொழியில் ஏற்கெனவே பேசும் ஒருவருக்கு ஒத்தபொருள் சொற்களை ஓரிடத்தில் குவிப்பது வளம் சேர்க்கிறது. அயல்மொழியில் அது நேர்மாறாக வேலை செய்கிறது. ஒரே வகைச் சொற்களை ஒன்றாகப் புதிதாகக் கற்பவர்கள் தொடர்பில்லாத சொற்களைக் கற்பவர்களைவிட மெதுவாகக் கற்கிறார்கள் என்று 1990களில் டிங்கமும் வாரிங்கும் செய்த சோதனைகள் காட்டின. 'லெண்ட்', 'பாரோ' இரண்டையும் ஒரே நாளில் கற்றவர் கடன் கொடுப்பது எது, வாங்குவது எது என்று பல ஆண்டுகள் குழம்புவதை எந்த ஆசிரியரும் அறிவார். எதிர்ச்சொற்களுக்கும் இது பொருந்தும். முதலில் ஒன்றை ஊன்றிக் கற்பது, சில வாரம் கழித்து மற்றதைச் சேர்ப்பது என்பதே சரியான வரிசை. பொதுத்தேர்வில் ஒத்தசொல்லும் எதிர்ச்சொல்லும் கேட்கிறார்கள் என்பதற்காக இரண்டையும் மூன்று பத்திகளில் சேர்த்து எழுதவைப்பது தேர்வுக்கு முந்தைய மாதத்தில் செய்ய வேண்டிய வேலை. கற்கும் மாதத்தில் அன்று.

ஒத்தசொற்கள் உண்மையில் ஒத்தவையும் அல்ல. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சு, லத்தீன் சொற்கள் வெள்ளமாகப் புகுந்தன. 'ஆஸ்க்' வீட்டுச் சொல், 'என்கொயர்' அலுவலகச் சொல். 'ஹெல்ப்', 'அசிஸ்ட்' இணையும் அப்படியே. தமிழில் கேட்டலுக்கும் வினவலுக்கும் உள்ள தூரம் இது. நம் மாணவர்கள் ஏட்டிலிருந்து கற்பதால் பெரிய சொற்களை எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். சிறிய வினைகளோடு சிறிய இடைச்சொல் சேரும் கூட்டுவினைகளில் விழுந்துவிடுகிறார்கள். 'லுக்' தெரியும், 'லுக் ஆஃப்டர்' தெரியாது. ஆனால் தமிழரே 'பார்' என்பதோடு 'கொள்' சேர்த்து 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்று பொருளை மாற்றுகிறவர்கள்தாம். 'லுக் ஃபார்' தேடுதல், 'லுக் அப்' அகராதியில் எடுத்துப் பார்த்தல். தமிழ்த் துணைவினையை ஒப்பிட்டுக் காட்டினால் இந்தப் பகுதி பாதி எளிதாகிவிடும்.

லத்தீன் வரவால் ஒரு நன்மையும் உண்டு. இன்ஸ்பெக்டர், ப்ராஸ்பெக்டஸ் இரண்டிலும் 'ஸ்பெக்ட்' என்ற பார்த்தல் வேர் இருக்கிறது. போர்ட்டர், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் மூன்றிலும் 'போர்ட்' என்ற சுமத்தல் வேர். இருபது முப்பது வேர்களும் அதே அளவு முன்னொட்டுகளும் தெரிந்தவர் புதுச் சொல்லை ஓரளவு ஊகிக்கலாம். இதை மிகைப்படுத்தவும் கூடாது. வேர் நினைவுக்கு உதவும், பொருளுக்கு உறுதி தராது.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொறியியலோ மருத்துவமோ சேர்பவரின் நிலை தனிக் கவனத்துக்குரியது. கலைச்சொற்களே அவருக்குத் தடை என்று பொதுவாக நினைக்கிறார்கள். மின்தேக்கியை அறிந்தவருக்குக் 'கெபாசிட்டர்' என்ற பெயரைப் பழக ஒரு வாரம் போதும். கருத்து ஏற்கெனவே கையில் இருக்கிறது, விரிவுரையிலும் அச்சொல் நூறுமுறை ஒலிக்கும். உண்மையான தடை கலைச்சொல்லும் அல்லாத, அன்றாடச் சொல்லும் அல்லாத இடைப்பட்ட சொற்கள்: 'அஸ்யூம்', 'டெரைவ்', 'அனலைஸ்', 'சப்சிக்வென்ட்'. இவற்றை எந்தப் பேராசிரியரும் விளக்குவதில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். நியூசிலாந்தின் வெலிங்டனில் ஆவரில் காக்ஸ்ஹெட் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி உரைத்தொகுப்பை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் இத்தகைய 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார். கல்வி நூல்களின் சொற்களில் பத்தில் ஒரு பங்கு இவை. கல்லூரி முதலாண்டுக்கு முந்தைய கோடை விடுமுறையில் செய்யத்தக்க வேலை இதுதான். பளபளப்பான அரிய சொற்களைப் பட்டியலிடும் நூல்களை அந்த விடுமுறையில் தொடாமல் இருப்பது உத்தமம்.

கற்றதைத் தக்கவைப்பது பற்றி ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் தன்னையே சோதித்து எழுதிய ஜெர்மன் நூல் இன்னும் அடிப்படையாக நிற்கிறது. மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. இடைவெளிவிட்டுத் திரும்பப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட நீண்ட நாள் நிற்கிறது. செபாஸ்டியன் லைட்னர் 1970களில் இதை ஒரு பெட்டியாக்கினார். சிறு அட்டையின் ஒருபுறம் ஆங்கிலத் தொடர், மறுபுறம் தமிழ். பெட்டியில் ஐந்து அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், பிந்தைய அறைகளை நாள் கடத்தியும் பார்க்க வேண்டும். இன்றைய செயலிகள் பலவற்றின் உள்ளே இருப்பது இந்தப் பெட்டிதான். பழைய காலண்டர் அட்டையைக் கத்தரித்தாலும் வேலை நடக்கும். முக்கியமானது ஒன்று: அட்டையைப் புரட்டுவதற்கு முன் விடையை நினைவிலிருந்து இழுக்க வேண்டும். பட்டியலைக் கண்ணால் ஓட்டுவது தெரிந்ததுபோன்ற ஒரு மயக்கத்தைத் தரும், அவ்வளவே.

அட்டைகள் சொல்லை அறிமுகப்படுத்தும்; பழக்குவது வாசிப்பு. ஒரு நூலை அகராதியின்றிச் சரளமாகப் படிக்க அதன் சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் முதலிய ஆய்வாளர்களின் முடிவு. அந்த அளவை எட்ட நாளிதழுக்கும் நாவலுக்கும் எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவைப்படும் என்று நேஷன் 2006இல் மதிப்பிட்டார். இரண்டாயிரம் சொல் அறிந்த மாணவரிடம் டிக்கன்ஸின் மூலநூலைக் கொடுத்தால் ஐந்து சொல்லுக்கு ஒன்று தடுக்கும். அவர் நூலை மூடிவிடுவதில் வியப்பில்லை. சொல்லளவுக்கேற்பச் சுருக்கி எழுதிய படிநிலை வாசிப்பு நூல்கள் இந்த இடைவெளிக்காகவே இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளி நூலகங்களில் அவை அடுக்கடுக்காக இருக்க வேண்டும். பாடநூல் ஆக்குவோர் செய்யத்தக்க சிறு மாற்றம் ஒன்றும் உண்டு: பாடத்தின் பின்னுள்ள சொற்பட்டியலில் முதல் இரண்டாயிரத்துக்குள் அடங்கும் சொற்களுக்கு ஓர் உடுக்குறி இட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடரும் அதன் தமிழும் தந்தால் போதும். குறியிட்டதைக் கட்டாயம் கற்க வேண்டும், மற்றதை வாசிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மாணவருக்குத் தெரிந்துவிடும். இதற்குப் புதிய பாடத்திட்டமும் வேண்டாம், கூடுதல் செலவும் ஆகாது. அடுத்த மறுபதிப்பிலேயே இதைச் செய்யலாம்.